மலை வீட்டில் ஓய்வு



முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் திருத்தணிக்கு அப்பெயர் வந்தது என்பார்கள். 365 படி ஏறினால் காற்றே வேறுதான். கோடை விடுமுறையில் நாமும் ஏலகிரி, கொடைக்கானல் என்று கிளம்பிவிடுகிறோம்.

கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்கள் 1845-ல் எழுந்தன. கட்டியவர்கள் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள். உல்லாசத்திற்காக அல்ல, காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவர்களைப் பறிகொடுத்து, அடக்கம் செய்த துயரத்தோடு மலையேறினார்கள். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டது 1897-ல்தான். ஆனால் மேலே போனால் பிழைக்கலாம் என்று அனுபவம் முன்பே சொல்லியிருந்தது. 1000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். 2,100 மீட்டர் உயரக் குளிரில் அக்கிருமி கொசுவுக்குள் வளர்வது கடினம்.

மோட்டார் சாலை வரும்முன் பலர் நாற்காலியில் அமர்ந்தே மலையேறினர். சுமந்த கூலியாட்களின் ஓய்வைப் பற்றி நாம் அதிகம் வாசிப்பதில்லை. இன்றும் நம் பங்குச் சுற்றுலாக்களில், நாம் அறையில் போர்த்திக்கொண்டு தூங்க, வேன் ஓட்டுநர் குளிரில் வண்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறார். (ஒருமுறையேனும் நாமும் கேட்காமல் போர்வையை இழுத்துக்கொண்டவர்களே.) விடுதலைப் பயண நூலின் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் வீட்டுத் தலைவருக்கு மட்டும் தரப்படவில்லை. பணியாளர், அந்நியர், கால்நடை எல்லாம் அதே வரியில் இருக்கின்றன.