உளி ஏந்தும் கைகள் எங்கே?

பாலாலயம் முடிந்துவிட்டது. மூலவரின் சாந்நித்தியத்தை அத்திப்பலகைக்கு மாற்றிக் கருவறையை மூடியும் ஆயிற்று. கோபுரத்தைச் சுற்றிச் சாரம் எழும்பிவிட்டது. அன்பர்கள் மனமுவந்து அளித்த நன்கொடை வங்கியில் இருக்கிறது. ஆயினும் மாதங்கள் கடந்தும் விமானத்தில் ஒரு கரண்டிச் சுதை ஏறவில்லை. ஸ்தபதி வேறோர் ஊர்த் திருப்பணியில் இருக்கிறார். அங்கே முடித்தால்தான் இங்கே வர இயலும். தமிழகத்துச் சிற்றூர்களில் திருப்பணிக் குழுவினர் இன்று சந்திக்கும் பெரிய இடையூறு பொருள் தட்டுப்பாடு அன்று, ஆள் தட்டுப்பாடே.

இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகையில் 36,000-க்கும் மேற்பட்ட திருக்கோயில்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபைக் கடைப்பிடிப்பதானால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 ஆலயங்களில் பணி நடந்தாக வேண்டும். அத்தனைக்கும் கற்றுத் தேர்ந்த கைகள் எங்கிருந்து கிடைக்கும்?

மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் ஆலயம் எழுப்புவோரை நால்வராக வகுக்கின்றன. திட்டமிட்டு நடத்துபவர் ஸ்தபதி. நூல்பிடித்து அளவு காண்பவர் சூத்ரக்கிராகி. கல்லையும் மரத்தையும் செதுக்குபவர் தட்சகர். அவற்றை இணைத்துச் சேர்ப்பவர் வர்த்தகி. இந்நால்வரில் ஒருவர் குறைந்தாலும் பணி நின்றுபோகும். நூல் சொல்லாத ஐந்தாமவர் ஒருவரும் உண்டு. அவர் கொல்லர். கருங்கல்லில் உளி விரைவில் மழுங்கிவிடும். மழுங்கிய உளிகளை உலையிலிட்டுக் காய்ச்சி, முனை தட்டி, நீரில் தோய்த்துப் பதம் ஏற்றித் தந்தால்தான் சிற்பியின் வேலை தொடரும். பதம் மிகுந்தால் முனை ஒடியும், குறைந்தால் மடங்கும். இரும்பு மாறும் நிறத்தைக் கண்ணால் பார்த்தே அவர் பதம் அறிகிறார். திருப்பணிக் கல்வெட்டில் உபயதாரர் பெயர் இடம்பெறும். இவர் பெயரை யார் பொறிக்கிறார்கள்?

சுதை வேலையும் அத்தகையதே. சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர் விட்டுக் குழைத்து, மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பின்னரே அடுத்தது. மழைக்காலத்தில் வேலை நடவாது. இதற்குப் பொறுமையும் ஆளும் இல்லாத இடத்தில் சிமெண்ட் வந்து அமர்கிறது. பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி வெளியிடும் இயல்புடையவை. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரம் உப்பாகப் பூத்து, நாளடைவில் பூச்சும் உருவமும் சேர்ந்தே பெயர்கின்றன. இவ்வாறே, கற்சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் வண்ணத்தையும் கையால் மெல்ல அகற்ற ஆளில்லாமல், மணலை வேகமாகப் பீய்ச்சியடித்தார்கள். அழுக்கோடு கல்வெட்டு எழுத்துகளும் தேய்ந்தன. சோழர் வெட்டுவித்த எழுத்து, ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கியது. ஒரு பிற்பகல் இயந்திரத்தைத் தாங்கவில்லை.

கைகள் குறைந்ததற்குச் சிற்பிகளைக் குறை கூறுதல் தகாது. கல்தூசியை நாள்தோறும் சுவாசிப்பதால் நுரையீரல் நோய் வருகிறது. மின் இயந்திரம் கொண்டு அறுக்கும்போது எழும் நுண்தூசி இன்னும் கொடியது. ஒரு கோயில் முடிந்தால் அடுத்த அழைப்பு வரும்வரை வருவாய் இல்லை. குறைந்த தொகை கேட்பவருக்கே பணி என்னும் ஒப்பந்த முறையில், பத்தாண்டு பழகிய கைக்கும் நேற்று வந்த கைக்கும் வேற்றுமை தெரிவதில்லை. இந்நிலையில் தம் மகன் வேறு தொழிலுக்குப் போகட்டும் என்று ஒரு தந்தை எண்ணினால் அதில் என்ன பிழை?

இக்குறை முன்னரே உணரப்பட்டதுதான். 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக் கூடம் தொடங்கப்பட்டது. வைத்தியநாத ஸ்தபதி அதன் முதல் தலைவராக விளங்கினார். அவருக்குப் பின் அதனை வளர்த்தவர் அவர் மைந்தர் கணபதி ஸ்தபதி. குமரிமுனையில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை அவர் அமைத்தது. 2004-இன் ஆழிப்பேரலையிலும் அது அசையாமல் நின்றது. அக்கூடம் இன்று கல்லூரியாக உயர்ந்து, கல், உலோகம், மரம், சுதை ஆகியவற்றில் பட்டப் படிப்பு தருகிறது. ஆனால் பட்டம் பெறும் நாளிலேயே ஒருவர் ஸ்தபதியாகிவிடுவதில்லை. தட்டிய ஓசை கேட்டு ஆண்கல், பெண்கல் எனப் பிரித்தறியும் செவி, மூத்த சிற்பியின் அருகில் பல்லாண்டு அமர்ந்தால்தான் வாய்க்கும். அம்மூத்தவர்கள் இப்போது ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகிறார்கள்.

திருப்பணிக் குழுவில் அமரும் பெரியோர் ஒன்று செய்யலாம். முகூர்த்தம் குறித்தபின் ஸ்தபதியைத் தேடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. அதனை மாற்றி, ஸ்தபதியை முதலில் அமர்த்தி, அவர் கேட்கும் மாதங்களைக் கொடுத்து, அதன்பின் நாள் குறிக்கலாம். அவரோடு இரண்டு இளைஞர்கள் பயிலவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அவர்களுக்கான கூலியையும் உபயமாக ஏற்கலாம். புதிய திருவுருவத்துக்குப் பொன்னுளியால் கண் திறக்கும் வேளையில், அவ்விளைஞர்கள் ஸ்தபதியின் பக்கத்தில் நிற்கட்டும்.