வெயிலுக்குத் தப்பி வைட்ஃபீல்ட் செல்வோர் கவனத்துக்கு...

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் போதும், சென்னை, வேலூர், சேலம் ரயில் நிலையங்களில் பெங்களூரு ரயில்களுக்குக் கூட்டம் கூடிவிடும். பிள்ளைகளுக்கு விடுமுறை. மகனுக்கோ மகளுக்கோ வைட்ஃபீல்டில் கணினி நிறுவனத்தில் வேலை. போதாக்குறைக்கு "அங்கே மின்விசிறியே தேவைப்படாது" என்று பெரியவர்கள் சொல்லிவைத்த பழைய நம்பிக்கை. இந்த மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைக் கிழக்கு பெங்களூருக்கு அழைத்துச் செல்கின்றன.

கோடைச் சுற்றுலாவுக்கும் தில்லி அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கக் கூடும். தொடர்பு இருக்கிறது. ரயில் நேரத்தையும் தங்குமிடத்தையும் மட்டும் பார்த்துப் பயணத்தைத் திட்டமிட்ட காலம் போய்விட்டது. இன்று வைட்ஃபீல்டுக்கு மே மாதம் செல்பவர் வானிலை, வடிகால், மெட்ரோ கட்டணம், மாநகராட்சி நிர்வாகம் ஆகிய நான்கையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த நான்கின் பின்னாலும் மத்திய, மாநில அரசுகளின் அதிகாரப் பங்கீடு ஒளிந்திருக்கிறது.

ஒரே நாளில் இரு பருவம்: பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் சென்னையின் புழுக்கம் அங்கில்லை என்பது உண்மை. ஆனால் குளிர்நகரம் என்ற பெயர் இப்போது கோடைக்குப் பொருந்தவில்லை. 2016 ஏப்ரலில் அங்கு 39.2 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. 2024 ஏப்ரலில் 38.5 டிகிரி வரை சென்றது. அந்த மாதம் முழுவதும் அளவிடத்தக்க மழையே இல்லை.

அதற்கு நேர்மாறாக அமைந்தது அடுத்த ஆண்டு. 2025 மே 19-ம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 105.5 மி.மீ. மழை பெய்தது. அந்த மாதத்தின் மொத்த மழை 300 மி.மீட்டரைத் தாண்டியது. மே மாதத்தின் வழக்கமான அளவு இதில் பாதிக்கும் குறைவே.

காரணம் எளிது. பகல் வெயிலில் தக்காணப் பீடபூமி சூடேறுகிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்தச் சூட்டில் விரைவாக மேலெழுந்து இடிமேகமாகத் திரள்கிறது. எனவேதான் காலையில் வெயில் கொளுத்துகிறது. பிற்பகலில் வானம் இருள்கிறது. மாலையில் இடியும் காற்றுமாகக் கொட்டித் தீர்க்கிறது. மாம்பழப் பருவத்தில் பெய்யும் இந்தக் கோடை மழை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்னோடி. நாள் முழுவதும் தூறுவதில்லை. ஓரிரு மணி நேரத்தில் பெய்துவிட்டு ஓய்ந்துவிடும். அந்த ஓரிரு மணி நேரம்தான் அலுவலகம் முடிந்து லட்சக்கணக்கானோர் வீடு திரும்பும் நேரமும் ஆகும்.

எப்படித் திட்டமிடுவது?: முதல் விதி, வெளி வேலைகளை நண்பகலுக்குள் முடித்துக்கொள்வது. பிற்பகல் 3 மணிக்கு மேல் வைட்ஃபீல்டிலிருந்து நகரின் மறுகோடிக்கு வாடகைக் காரில் புறப்படுவது வீண் சோதனை. விமான நிலையம் சுமார் 35 முதல் 40 கி.மீ. தொலைவில் இருப்பதால், மாலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் மழை வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது.

இரண்டாவது விதி, ரயிலிலிருந்து இறங்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. சென்னை ரயில்கள் வைட்ஃபீல்டைக் கடந்துதான் நகருக்குள் செல்கின்றன. அவற்றில் பல கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கின்றன. மதுரையிலிருந்து 2024-ல் தொடங்கப்பட்ட வந்தே பாரத் ரயிலுக்கும் அங்கு நிறுத்தம் உண்டு. இதை அறியாமல் நகர மையம் வரை சென்று, அதே வழியில் திரும்பி வரும் தமிழகப் பயணிகள் இன்னமும் இருக்கிறார்கள்.

மூன்றாவது விதி, கூடுமானவரை மெட்ரோ. கிருஷ்ணராஜபுரம் - வைட்ஃபீல்ட் இடையே 13.71 கி.மீ. தடத்தை 2023 மார்ச் 25-ல் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். நகரத்துடன் இணைக்கும் எஞ்சிய சிறு துண்டு 2023 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. இப்போது மெஜஸ்டிக்கிலிருந்து ஒரே ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் வைட்ஃபீல்டை அடையலாம். கிழக்குப் பகுதியில் தடம் உயரப் பாலத்தில் செல்வதால், கீழே சாலை மூழ்கினாலும் பயணம் பெரும்பாலும் தடைபடுவதில்லை. நிலையத்தில் இறங்கிய பின் செல்ல வேண்டிய கடைசி ஒரு கிலோ மீட்டர்தான் சிக்கல்.

சத்ய சாயி உயர் சிறப்பு மருத்துவமனைக்குச் செல்வோருக்கு அதன் பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. 2001 ஜனவரியில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்த இந்த மருத்துவமனையில் இதய, நரம்பியல் சிகிச்சைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. வட தமிழக மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் செல்கின்றனர். சிகிச்சைக்குச் செல்வோர் முந்தைய நாள் நண்பகலுக்குள் போய்ச் சேர்ந்து, அருகிலேயே தங்கிவிடுவது நல்லது.

நான்காவது விதிக்கு விலையாக ஓர் உயிர் போயிருக்கிறது. 2023 மே 21 அன்று, ஊர் சுற்றிப் பார்க்க ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பத்தினருடன் வாடகைக் காரில் சென்ற இளம் மென்பொருள் ஊழியர் ஒருவர், கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் தேங்கிய மழைநீரில் மூழ்கி உயிரிழந்தார். மாநிலச் சட்டப்பேரவை இயங்கும் விதான சௌதாவுக்குக் கூப்பிடு தூரத்தில் அது நடந்தது. அதற்கு முந்தைய நாள்தான் சித்தராமையா முதல்வராகப் பதவியேற்றிருந்தார். மழை நேரத்தில் எந்தச் சுரங்கப் பாதையிலும் இறங்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் சுற்றுவழியே பாதுகாப்பு.

கணிப்பது மத்திய அரசு, வடிப்பது மாநில அரசு: அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையைப் புரட்டினால் இந்தப் பயணியின் நிலைமை விளங்கும். வானிலை அமைப்புகள் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. ரயில்வேயும் அப்படியே. வடிகாலும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது, மேகம் வானத்தில் இருக்கும்வரை அது தில்லியின் பொறுப்பு. மழையாகித் தரையைத் தொட்டதும் பெங்களூரின் பொறுப்பு. நகர வெள்ளம் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் மத்திய அமைச்சர்களின் பதில் "இது மாநில அரசின் பொறுப்பு" என்று தொடங்குவதன் காரணம் இதுதான்.

மெட்ரோ விஷயத்தில் பந்து எதிர்த்திசையில் உருண்டது. பெங்களூரு மெட்ரோ நிறுவனம் மத்திய, மாநில அரசுகள் சம பங்கு வகிக்கும் கூட்டு நிறுவனம். 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் ரூ. 60-லிருந்து ரூ. 90 ஆக உயர்ந்தபோது, அதைப் பரிந்துரைத்த குழு மத்தியச் சட்டப்படி அமைந்தது என்றது மாநிலத்தை ஆளும் காங்கிரஸ். மாநில அரசு கேட்டதால்தான் குழுவே அமைந்தது என்றது பாஜக. சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஆர். தாரணி தலைமையிலான அந்தக் குழு, தனக்குச் சட்டம் அளித்த பணியைச் செய்தது. உயர்வுக்குப் பொறுப்பேற்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை.

புறநகர் ரயில் கதையும் வேறல்ல. கெங்கேரியிலிருந்து வைட்ஃபீல்ட் வரையிலான தடம் உள்ளிட்ட 148 கி.மீ. திட்டத்துக்கு 2022 ஜூனில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 40 ஆண்டுகளாக நடக்காததை 40 மாதங்களில் முடிப்போம் என்ற உறுதி அப்போது அளிக்கப்பட்டது. அந்த 40 மாதங்கள் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டன. வைட்ஃபீல்ட் பயணி இன்னும் அந்த ரயிலைக் கண்டதில்லை.

தில்லியில் ஒலித்த பெயர்: வைட்ஃபீல்ட், மகாதேவபுரா சட்டப்பேரவைத் தொகுதியில் அடங்கியது, பெங்களூரு மத்தி மக்களவைத் தொகுதியின் ஒரு பகுதி. 2025 ஆகஸ்ட் 7-ம் தேதி மகாதேவபுராவின் பெயர் தில்லியில் பெரிதாக ஒலித்தது. அங்கு லட்சத்துக்கும் அதிகமான போலி வாக்குகள் இருந்தன என்று மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி செய்தியாளர் சந்திப்பில் குற்றம் சாட்டினார். தேர்தல் ஆணையம் அதை மறுத்து, கையெழுத்திட்ட உறுதிமொழி கேட்டது. நான்கு நாள்களுக்குப் பின் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்றத்திலிருந்து ஆணையத்தை நோக்கிப் பேரணி சென்றனர்.

வாக்காளர் பட்டியல் ஜனநாயகத்தின் அடிப்படை; அதுபற்றிய விவாதம் அவசியம்தான். ஆனால் அதே தொகுதியின் உள்ளாட்சி வாக்காளர்கள் வாக்களிக்கும் வாய்ப்பையே இழந்து நின்றது தில்லியில் பேசப்படவில்லை. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகள் தேர்தல் நடக்கவில்லை. காங்கிரஸ், பாஜக என இரு கட்சிகளும் அந்தக் காலத்தில் ஆட்சியில் இருந்திருக்கின்றன. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி கலைக்கப்பட்டு ஐந்தாகப் பிரிக்கப்பட்டது; வைட்ஃபீல்ட் கிழக்கு மாநகராட்சியின் கீழ் வந்தது. ஆக, 2022 செப்டம்பரில் மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் சென்றபோதும், 2024-ல் குடிநீர் லாரிக்குக் காத்திருந்தபோதும், 2025 மே மாதம் மீண்டும் தண்ணீரில் நின்றபோதும், வார்டு உறுப்பினர் என்று ஒருவரைச் சட்டையைப் பிடித்துக் கேட்க வழியில்லை. உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து 30 ஆண்டுகளுக்குப் பிந்தைய நிலை இது.

பணமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 15-வது நிதிக்குழு, ஏழு பெருநகரங்களில் வெள்ள அபாயத்தைக் குறைக்க ரூ. 2,500 கோடி பரிந்துரைத்தது. அதில் சென்னைக்கு ரூ. 500 கோடி, பெங்களூருக்கு ரூ. 250 கோடி. 2022 ஆகஸ்ட் 30-ல் ஒரே நாள் மழையால் தங்களுக்கு ரூ. 225 கோடி இழப்பு என்று வெளிவட்டச் சாலை நிறுவனங்களின் சங்கம் அன்றைய முதல்வர் பசவராஜ் பொம்மைக்குக் கடிதம் எழுதியது. இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அலட்சியத்தின் விலை புரியும்.

ஓசூர் வரை வரும் வெள்ளம்: தமிழக வாசகர்களுக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. கிழக்கு பெங்களூரின் கழிவும் மழையும் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேர்கின்றன. வர்த்தூர், வைட்ஃபீல்டின் தெற்கு எல்லையை ஒட்டியது. அங்கிருந்து வழியும் நீர் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக் காலங்களில் அணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை மிதப்பதைக் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாகக் காட்டி முறையிடுகின்றனர். பெள்ளந்தூர் ஏரியின் சீர்கேட்டுக்காக 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசு ரூ. 500 கோடியை ஒதுக்கி வைக்க வேண்டும் என உத்தரவிட்டது. ஒரு நகரம் ஏரிகளையும் கால்வாய்களையும் இழந்தால், விலை கொடுப்பது அந்த நகரம் மட்டுமல்ல.

சென்னைக்கும் இது புதிதல்ல. 2015 வெள்ளத்துக்குப் பிறகு உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2016-ல் அளித்த அறிக்கை, நீர்நிலை ஆக்கிரமிப்பை முக்கியக் காரணமாகச் சுட்டிக்காட்டியது. சென்னைக்காக எழுதப்பட்ட அந்த அறிக்கையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால், பெரும்பகுதி பெங்களூருக்கும் பொருந்தும்.

திட்டமிட முடியாதவர்கள்: கோடைப் பயணி நினைத்தால் பயணத்தைத் தள்ளிவைக்கலாம். மாலையில் வெளியே போகாமல் மகன் வீட்டிலேயே இருந்துவிடலாம். எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. 2025 மே 19 காலை, மகாதேவபுரா பகுதியில் ஒரு நிறுவனத்துக்குத் துப்புரவுப் பணிக்கு வந்த பெண் தொழிலாளி, இரவு மழையில் ஊறிய சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து உயிரிழந்தார். அதே நாளில் நகரின் தென்பகுதியில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புகுந்த நீரை வெளியேற்றும் முயற்சியின்போது மின்சாரம் பாய்ந்து ஒரு முதியவரும் 12 வயதுச் சிறுவனும் இறந்தனர். கணினியில் வேலை செய்வோரை வீட்டிலிருந்தே பணியாற்றச் சொல்லலாம். துடைப்பத்துடன் வருபவருக்கு அப்படி ஓர் அறிவிப்பு வருவதில்லை.

1882-ல் மைசூர் மகாராஜா அளித்த நிலத்தில், ஆங்கிலோ இந்தியர்களின் வேளாண் குடியிருப்பாகத் தொடங்கியது வைட்ஃபீல்ட். அதற்காகப் பாடுபட்ட டி.எஸ். வைட் என்பவரின் பெயரே ஊரின் பெயரானது. அன்று வயல்; இன்று கண்ணாடிக் கட்டடம். தண்ணீருக்கு மட்டும் தன் பழைய வழி மறக்கவில்லை.

ஆகவே, இந்தக் கோடையில் வைட்ஃபீல்ட் செல்வோர் குடையுடன் தொப்பியும் எடுத்துச் செல்லட்டும். வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கைகளை நாள்தோறும் கவனிக்கட்டும். மாலை 4 மணிக்குள் திரும்பிவிடட்டும். திரும்பி ஊர் வந்த பின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், எந்த மாநிலமானாலும், "எங்கள் ஊர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதை அப்போது நாமே எண்ணிக்கொள்ளலாம்.