லீவுக்குக் கடற்கரை

டிசெம்பர் பிறந்தால் எங்கள் தொழிற்சாலையில் ஒருவரையொருவர் கேட்பது ஒரே கேள்விதான். "லீவுக்கு எங்கே போகிறீர்கள்?" நத்தாருக்கு மெஷின்களை நிறுத்தினால் ஜனவரியில்தான் திறப்பார்கள். வந்த முதல் வருடம் எனக்கு லீவு சேர்ந்திருக்கவில்லை. அதுவரை உழைத்ததில் 8 வீதம் கணக்குப் பார்த்துத் தந்தார்கள். அதை ஊருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் படுத்து நித்திரை கொண்டேன். பிள்ளைகள் ரி.வி. பார்த்தார்கள்.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் லீவில் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கடற்கரையில் கூடாரம் அடித்து இருந்ததாக என் மகன் எழுதி, படமும் கீறியிருந்தான். போகாத இடத்துக்குப் படம்! ரீச்சர் அதைச் சுவரில் ஒட்டியிருந்தா. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இத்தாலியில் பலேர்மோவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகனிடம் இதைச் சொன்னேன். அங்கே எங்கள் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஓகஸ்ட் 15 பெரிய விடுமுறை நாள். அவர் குடும்பத்தோடு மொண்டெல்லோ கடற்கரையில்தான் நிற்பார். "அண்ணை, இங்கே பல இடங்களில் குடைக்கும் சாய்மனைக் கதிரைக்கும் காசு. உங்களுக்கு எல்லாம் சும்மா கிடக்குது, போகாமல் இருக்கிறியள்" என்று ஏசினார். உண்மைதான். இங்கே மணலில் இருக்க ஒருவரும் காசு கேட்பதில்லை.

ஆனால் என் மனைவி முல்லைத்தீவு. 2004 டிசெம்பர் 26 கடல் வந்த நாள். நத்தாருக்கு மறுநாள் ஒக்லாந்தே கடற்கரைக்குப் போகும். எங்கள் வீட்டில் அன்று விளக்குக் கொளுத்துவோம். நான் வற்புறுத்தவில்லை. சில நாள் கழித்துப் போவோம் என்றேன். அரைமனதோடு வந்தா.

முதலில் பீஹாவுக்குப் போனதுதான் பிழை. நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கறுத்த மணல், நடுவில் சிங்கப் பாறை. சனக்கூட்டத்தை விட்டுத் தள்ளி, அலை அடிக்காத இடமாகப் பார்த்து நானும் மகனும் இறங்கினோம். அந்த இடம்தான் ஆபத்தானது என்று எங்களுக்கு யார் சொன்னது? கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்கு ஓடும் வாய்க்கால் அது. 'றிப்' என்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற என் காலடி மணல் கரைந்தது. குளத்தில் பழகிய நீச்சல் ஒன்றும் உதவவில்லை. ஜீன்ஸ் நனைந்து கல்லாகப் பாரித்தது. உயிர்காப்பாளர் ஒருவர் பாய்ந்து வந்து எங்கள் இருவரையும் இழுத்தெடுத்தார். வீடு வரும்வரை மனைவி ஒரு சொல் பேசவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். பீஹாவில் 1934 இலிருந்தே உயிர்காப்புக் கழகம் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவில் மட்டும் குளிக்கவேண்டும். கொடி இல்லையென்றால் மேற்குக் கரையில் இறங்கவே வேண்டாம். தண்ணீர் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் காட்டுங்கள். கரையில் நிற்பவர் 111 அடித்துப் பொலிசைக் கேட்கவேண்டும். கடலில் ஆபத்தென்றால் பொலிஸ்தான்.

கிழக்குக் கரை பெரும்பாலும் அமைதி. மிஷன் பேயில் புல்வெளியும் நிழலும் உண்டு. எதிரே ரங்கிடோடோ எரிமலைத் தீவு. அங்கும் சிறு பிள்ளைகளைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். தொப்பியும் வெயில் கிறீமும் கட்டாயம். எங்கள் தோலுக்குத் தேவையில்லை என்று நானும் நினைத்தவன்தான், தோள் உரிந்தது.

தங்குவதென்றால் வடக்கே ஒரேவா. 3 கிலோமீற்றர் மணல், பக்கத்திலேயே கூடாரம் போடும் இடம். அதையும் தாண்டினால் 1965 இல் திறந்த வெண்டர்ஹோம் பூங்கா. அங்கேயும் கூடாரம் போடலாம். போன ஜனவரியில் ஒரேவாவில் மூன்று இரவு இருந்தோம். புட்டு அவித்து மீன்குழம்பும் வைத்தோம். வாசத்துக்குப் பக்கத்துக் கூடாரத்து மாவோரி ஐயா எழும்பி வந்துவிட்டார். அடுத்த நாள் தான் பிடித்த மீனில் இரண்டு தந்தார்.

இரண்டு நாளும் மனைவி கடலுக்கு முதுகு காட்டித்தான் இருந்தா. மூன்றாம் நாள் பின்னேரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் மட்டும் இறங்கினா. கொஞ்ச நேரம்தான்.

டிசெம்பர், ஜனவரிக்கு இடம் முன்கூட்டியே நிரம்பிவிடும். இப்போதே பதியுங்கள். நாங்கள் ஜனவரி 3 தொடக்கம் நான்கு இரவுக்குப் பதிந்துவிட்டோம். திகதி சொன்னது மனைவிதான்.