மைக்ரோவேவ் அடுப்பு: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

 

நோன்பு மாதத்தில் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பது இது. அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குடன் பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி வாங்கி வருவார்கள். இஃப்தாருக்குக் குடித்தது போக மீதி, அதே தூக்கில் சமையலறை மேடையில் இருக்கும். தராவீஹ் முடித்துப் படுத்து, சஹருக்கு எழுந்ததும் அதைச் சூடாக்கிக் குடிப்போம். முன்பு கேஸ் அடுப்பில் கொதிக்க வைத்தோம். இப்போது சில வீடுகளில் மைக்ரோவேவ் அடுப்பு வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தது, கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்தது, தவணையில் வாங்கியது என்று எப்படியோ வந்து மேடையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நிமிடத்தில் சூடு ஏறிவிடுகிறது.

இந்தப் பெட்டியைப் பற்றி நம்மிடையே இரண்டு எண்ணங்கள் உண்டு. "அதில் கதிர்வீச்சு இருக்கிறது, புற்றுநோய் வரும்" என்று பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம். "அதில் வைத்து எடுத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்" என்று நம்புகிறவர்கள் மறுபக்கம். முன்னது தேவையில்லாத பயம். பின்னது நோயில் கொண்டுபோய் விடக்கூடிய நம்பிக்கை. இரண்டையும் தெளிவாகப் பார்ப்போம்.

எப்படிச் சூடாகிறது?

1945-ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ராடார் கருவிக்கான மேக்னட்ரான் என்ற உறுப்புடன் வேலை செய்துகொண்டிருந்தார் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர். அவருடைய சட்டைப் பையில் இருந்த இனிப்பு உருகிப்போனது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த அடுப்பு. 1947-ல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், சுமார் 340 கிலோ எடை. அமெரிக்காவில் வீட்டு மேடையில் வைக்கும் சிறிய அடுப்பு பரவத் தொடங்கியது 1967-ல் அமானா நிறுவனத்தின் அடுப்பு வந்த பிறகுதான்.

மேக்னட்ரான் 2450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்குகிறது. ரேடியோ, செல்போன் அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை இவை. உணவில் உள்ள நீரின் மூலக்கூறுகளை இந்த அலைகள் வேகமாக அசைக்கின்றன. அந்த அசைவே சூடாகிறது. எக்ஸ்ரே கதிரைப் போல நம் உடலின் அணுக்களைச் சிதைக்கும் வலு இவற்றுக்குக் கிடையாது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் எப்படி நின்றுவிடுகிறதோ, அப்படியே அடுப்பு நின்றதும் அலையும் நின்றுவிடும். உணவில் எதுவும் தங்காது.

அலைகள் வெளியே வராமல் உலோகச் சுவரும், கதவுக் கண்ணாடியில் உள்ள வலையும் தடுக்கின்றன. கதவைத் திறந்தால் அடுப்பு தானாக நின்றுவிடும். கசிவுக்கும் கண்டிப்பான வரம்பு உண்டு. அடுப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. தள்ளி நின்றால் அதுவும் பல மடங்கு குறைந்துவிடும். ஆனால் கதவு வளைந்திருந்தாலோ, கீல் தளர்ந்திருந்தாலோ, ஓரம் உடைந்திருந்தாலோ அந்த அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

மீதிக் கஞ்சியும் மீதிச் சோறும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி இயல்பாகவே இருக்கும். அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வெந்த சோறோ கஞ்சியோ வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே இருந்தால், அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. அதில் ஒருவகை நஞ்சு திரும்பச் சூடாக்குவதால் அழியாது. மைக்ரோவேவில் மட்டுமல்ல, கேஸ் அடுப்பில் தளதளவென்று கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். வாடையோ ருசியோ மாறியிருக்காது என்பதால் முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் முடியாது.

அஸரிலிருந்து சஹர் வரை ஏறக்குறைய பதினொரு மணி நேரம். கஞ்சியில் கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் கெடும். அதைக் குடித்துவிட்டு நோன்பு வைப்பவர் சர்க்கரை நோயாளியாகவோ வயதானவராகவோ இருந்தால் நிலைமை மோசமாகிவிடும்.

எனவே செய்ய வேண்டியது இதுதான். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மிஞ்சுவதை அகலமான பாத்திரத்தில் மெல்லிய அளவாகப் பரப்பி, சீக்கிரம் ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும்போது உள்ளும் புறமும் ஆவி பறக்கும் அளவுக்கு, அதாவது 70 டிகிரிக்கு மேல், ஒரே ஒரு முறை சூடாக்குங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மிஞ்சுவதை அன்றிரவே அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்ளலாம். வீண்விரயமும் இல்லை, நோயும் இல்லை, நன்மையும் உண்டு.

சூடாக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. இந்த அலைகள் உணவுக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். அதனால் ஓரம் கொதிக்கும்போது நடுவில் ஜில்லென்று இருக்கும். கஞ்சி கெட்டியாக இருந்தால் இது இன்னும் அதிகம். பாதி நேரத்தில் நிறுத்தி, நன்றாகக் கிளறி, மறுபடி வையுங்கள். முடிந்த பிறகு இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள், சூடு பரவட்டும். பிரியாணியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கறித்துண்டுகளை ஓரமாக வைத்து, லேசாக மூடிச் சூடாக்குங்கள்.

எந்தப் பாத்திரம்?

கஞ்சி வாங்கி வந்த எவர்சில்வர் தூக்கை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. அலைகள் உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடும். கஞ்சி சரியாகச் சூடாகாது, தீப்பொறியும் பறக்கலாம். ஆம்பூர் பிரியாணி பார்சல் வரும் அலுமினிய டப்பாவையும் வைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் தங்கக் கோடு போட்ட கோப்பையும் தட்டும் பார்க்கப் பீங்கான்தான். ஆனால் அந்தக் கோடு உலோகம், பொறி பறக்கும்.

மெலமைன் தட்டும் ஆகாது. ஹோட்டல் சாம்பார் வரும் மெல்லிய பிளாஸ்டிக் பையும் டப்பாவும் உருகி உணவில் கலக்கக்கூடும். சூடு தாங்கும் கண்ணாடி அல்லது கோடில்லாத பீங்கான்தான் நல்லது. பிளாஸ்டிக் என்றால் மைக்ரோவேவுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்க வேண்டும். உள்ளே எதுவும் வைக்காமல் அடுப்பை ஓடவிடாதீர்கள், மேக்னட்ரான் பழுதாகிவிடும்.

இவற்றில் கூடுதல் கவனம்

குழந்தையின் பால் புட்டியை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. புட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் மட்டும் பால் கொதித்துக்கொண்டிருக்கும். பிஞ்சு வாய் வெந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்திச் சூடாக்குங்கள்.

முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும். ஓடு உரித்த அவித்த முட்டையைத் திரும்பச் சூடாக்கினாலும் வெடிக்கலாம், சில நேரம் வெளியே எடுத்து வாயில் வைத்த பிறகு. இறுக மூடிய டப்பாவும் அப்படித்தான்.

டீக்குத் தண்ணீர் வைத்தால், வழவழப்பான கோப்பையில் அது கொதிக்காதது போலவே கொதிநிலையைத் தாண்டி நிற்கும். தூளைப் போட்டதும் குபீரென்று பொங்கி முகத்தில் தெறிக்கும். முன்கூட்டியே ஒரு மரக்கரண்டியைப் போட்டு வைத்தால் இது தவிர்க்கப்படும்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். காற்று கிடைக்காமல் தீ அடங்கிவிடும்.

மின்சாரம்

20 லிட்டர் அடுப்பு ஓடும்போது சுமார் 1200 வாட் இழுக்கும். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட் ஆகும். எர்த் உள்ள பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகச் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃபிரிட்ஜுடன் சேர்த்துப் போட வேண்டாம்.

சவூதியிலிருந்து அடுப்பு கொண்டுவர நினைப்பவர்கள் கவனிக்கவும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் நாட்டில் 50. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே அதிகமாகச் சூடாகும். பின்பக்க அட்டையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இங்கே விற்கும் அடுப்புகளுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

பழுதானால் வீட்டில் யாரும் மூடியைக் கழற்றக் கூடாது. உள்ளே 2000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் உயிர் போகும். இந்த அடுப்பைப் பழுது பார்த்துப் பழகியவரிடமே கொடுங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா?

கேஸ் அடுப்பால் முடியாத வேலை எதையும் இது பெரிதாகச் செய்துவிடாது. பக்கத்து வீட்டில் இருக்கிறது என்பதற்காகவோ, பெண் வீட்டாரிடம் கேட்டோ, வட்டித் தவணையில் மாட்டிக்கொண்டோ வாங்குகிற பொருள் அல்ல. ஆனால் தனியாக இருக்கும் வயதானவர், அடுப்பை அணைக்க மறந்துவிடுபவர், இரவு வேலை முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் வருபவர் உள்ள வீட்டுக்கு இது உண்மையான உதவி. சூடாக்க மட்டும் என்றால் சோலோ வகையே போதும், விலையும் குறைவு. வாங்கியதும் அந்தப் பெரியவர் கையாலேயே நான்கைந்து முறை இயக்கச் சொல்லிப் பழக்கிவிடுங்கள்.

எந்த அடுப்பும் உணவைச் சூடாக்கித் தரும். கெட்டுப்போனதை நல்லதாக்கித் தராது. இந்த நோன்பில் தூக்கு வீட்டுக்கு வந்ததும் மீதியை எங்கே வைக்கிறோம் என்பதை மட்டும் கவனியுங்கள். நம் சஹர் உணவை நலமுள்ளதாகவும் பரக்கத் உள்ளதாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.