நிலுவையா, நில்வயா?

நூறு ரூபாய்த் தாள் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் 15 மொழிகளில் அதன் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கும். மொழிப்பெயர்களின் ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பதால் சமஸ்கிருதத்தின் கீழே தமிழும், தமிழின் கீழே தெலுங்கும் வந்து அமர்ந்துள்ளன. தாளிலேயே ஒட்டி வாழும் இவ்விரு மொழிகளும் சித்தூர்ப் பகுதியில் ஒரே வீட்டுக்குள் குடியிருக்கின்றன. மாமியார் தமிழில் கேட்பார். மருமகள் தெலுங்கில் விடையளிப்பார். குழம்பு இருவருக்கும் பொதுவாகக் கொதிக்கும்.

1911-ஆம் ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அதன் பெரும்பகுதி அதுவரை வடஆர்க்காட்டோடு இருந்தது. 1960-இல் எல்லை மீண்டும் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடுகள் நகர்ந்தன, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஊர்ப்பெயர்களும் அப்படியே. சிற்றூர் என்பதே சித்தூர் ஆயிற்று. மாவட்டத் தலைநகராகிப் பெருத்த பின்னும் அவ்வூர் தன்னைச் சிறிய ஊர் என்றே அடக்கமாக அழைத்துக்கொள்கிறது. அதனருகே உள்ள கங்காதர நெல்லூரைத் தமிழ்க் காது நெல் என்றும் ஊர் என்றும் பிரித்துக்கொள்ளும். தெலுங்கில் நெல்லுக்கு 'வட்லு' என்றும் 'வரி' என்றும் பெயர். ஆகவே நெல் விளைந்தால்தான் வரி கட்ட முடியும் என்று ஒரு தமிழர் சொன்னால், அவ்வூர்த் தெலுங்கர் இரண்டும் ஒன்றுதானே என்று திகைக்க இடமுண்டு.

கடற்கரைப் பக்கம் இன்னொரு நெல்லூர், பெரிய நெல்லூர், இருக்கிறது. உறவினருக்குப் பணம் அனுப்ப வருவோர் சிலர், தொகை அந்த நெல்லூருக்குப் போய்விடுமோ என்று அஞ்சுவதுண்டு. பணத்துக்கு ஊர்ப்பெயர் தெரியாது. அது கணக்கு எண்ணையும் 11 எழுத்துள்ள ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் பார்த்தே வழி கண்டுபிடிக்கிறது. முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது பூச்சியம், கடைசி ஆறும் கிளைக்கு உரியவை. அவற்றைச் சரிபார்த்துவிட்டால் எந்த நெல்லூர் என்ற கவலை வேண்டாம்.

பெயரால் வரும் குழப்பம் இவ்வளவுதான். சொல்லால் வரும் குழப்பம் சற்று ஆழமானது. இப்பகுதிக் கிளை ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. முதியோர் ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று கேட்க ஒரு மூதாட்டி வந்திருந்தார். வீட்டுப்பேச்சு தமிழ். கவுண்ட்டரில் இருந்த இளைஞரோ கிருஷ்ணா நதிக்கு அப்பாலிருந்து மாற்றலாகி வந்தவர். பாஸ்புக்கைப் பார்த்து, "நில்வ நாலுகு வேல ரெண்டு வந்தலு, அவ்வா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மூதாட்டியின் முகம் வாடிவிட்டது. "நைனா, நான் கடனே வாங்கலியே! நாலாயிரத்துக்கு நான் எங்கே போவேன்?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தெலுங்கில் 'நில்வ' என்றால் கணக்கில் இருப்பில் உள்ள தொகை. தமிழில் 'நிலுவை' என்றால் இன்னும் செலுத்தவேண்டிய தொகை. இரண்டுக்கும் வேர் 'நில்' என்பதே. பணம் நிற்கிறது என்பதில் இருமொழிகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. யாரிடம் நிற்கிறது என்பதில்தான் வழக்கு. அவருடைய சொந்தப் பணம் 4,200 ரூபாயை அவருக்கே கடனாக மாற்றிவிட்டது அந்த ஒற்றைச் சொல். அருகில் நின்ற பால்காரர் ஒருவர், "அது உன் பணம் பாட்டி, உள்ளே பத்திரமா இருக்கு" என்று விளக்கினார். மூதாட்டி உடனே 500 ரூபாய் எடுத்து எண்ணிப் பார்த்த பிறகே நம்பினார். பால்காரர் அன்று வரிசையில் இல்லாதிருந்தால், அவர் பல மாதங்கள் வங்கிப் பக்கமே வந்திருக்க மாட்டார் என்றே நாம் எண்ணுகிறோம்.

வங்கிப் படிவங்கள் இந்தி, ஆங்கிலம், வட்டாரமொழி ஆகிய மூன்றிலும் இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். இங்கே வட்டாரமொழி தெலுங்கு. தமிழ் பேசுவோரில் பலர் படித்தது தெலுங்குப் பள்ளியில் என்பதால் எழுத்து இடைஞ்சல் தருவதில்லை, காதுதான் ஏமாற்றுகிறது. புரியாத சொல்லைக் கவுண்ட்டரில் மறுமுறை கேட்டுத் தெளிவது வாடிக்கையாளரின் உரிமை. கூச்சம் தேவையில்லை.

காதை ஏமாற்றும் சொற்களுக்கு இங்கே பஞ்சமும் இல்லை. தெலுங்குப் பேச்சில் நூறு என்பது 'வந்த'. "வந்த ரூபாய்" என்று கேட்ட தமிழர், எப்போது வந்தது என்று விசாரிப்பார். ஏழு என்பது 'ஏடு'. நமக்கோ ஏடு என்றால் பேரேடு. 'அப்பு' என்றால் கடன். 1982-இல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டிக்கு அப்பு என்று பெயரிட்டபோது தெலுங்குக் கடன்காரர்கள் என்ன நினைத்தார்களோ! திறவுகோலுக்குத் தமிழர் போர்த்துக்கீசியரிடம் 'சாவி'யை வாங்கிக்கொண்டனர். தெலுங்கர் 'தாளஞ்செவி' என்கின்றனர். பூட்டின் காது என்று கேட்கிறது.

காசோலைக்குத் தெலுங்கில் 'செக்கு'. தமிழருக்கு எண்ணெய் ஆட்டும் செக்கு நினைவுக்கு வரும். கையொப்பம் பொருந்தாமல் திரும்பிய காசோலையோடு இரண்டு கிளைகளுக்கிடையே சுற்றியவர்கள் அப்பொருளையும் தவறென்று சொல்லமாட்டார்கள். உண்மையில் அச்சொல்லின் பரம்பரை அரச பரம்பரை. பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். சதுரங்கத்தில் அரசனுக்கு வைக்கும் எச்சரிக்கை அதிலிருந்து பிறந்து, ஐரோப்பா சென்று 'செக்' ஆயிற்று. இங்கிலாந்தின் கருவூலத்தார் கட்டம் போட்ட துணியை விரித்துக் காசு எண்ணியதால் அவர்கள் அலுவலகத்துக்கும் சதுரங்கப் பலகையின் பெயரே வாய்த்தது. நம் காசோலையோ எளிய குடும்பம்: காசு, ஓலை. பனையோலையில் எழுதுவதை விட்டு நெடுங்காலம் ஆயினும் வரைவோலையிலும் ஓலை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காசும் ஊர் சுற்றிய சொல்லே. போர்த்துக்கீசியர் வாயில் 'கைஷா' ஆகி, ஆங்கிலேயரிடம் 'கேஷ்' என்ற நாணயப்பெயராகத் திரும்பிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்குப்படி 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு! 1818-இல் ரூபாய் வந்து கணக்கர்களைக் காப்பாற்றியது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு பிறப்பு. பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. காசும் பெட்டியும் ஒரே உச்சரிப்பில் சேர்ந்தது தற்செயல்தான் என்றாலும், நம் காசாளர்களுக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

கடன் வசூலிப்போர் அறியவேண்டியது 'பாக்கி'. அரபு மூலத்தில் அதற்கு எஞ்சியிருப்பது, நிலைத்திருப்பது என்று பொருள். சில கணக்குகளைப் பார்க்கையில் மூலப்பொருள் இன்னும் வழக்கில் இருப்பது புலனாகும்.

'வட்டி'யை, வளர்ச்சி எனப் பொருள்படும் 'விருத்தி' என்ற வடசொல்லோடு தொடர்புபடுத்துவர். தெலுங்கில் 'வட்டீ'. இம்மண்ணில் அச்சொல்லுக்குத் தெய்வத் தொடர்பும் உண்டு. திருமலை வேங்கடவனைத் தெலுங்கு அடியார்கள் 'வட்டிகாசுலவாடு' என்று அன்போடு அழைப்பர். வட்டிக்காசுக்காரர் என்று பொருள். திருமணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கியதாகவும், கலியுகம் முடியும்வரை வட்டி செலுத்துவதாகவும், உண்டியல் காணிக்கை அதற்கே என்றும் தலக்கதை கூறும். கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டுகள். நம் வங்கியின் வீட்டுக்கடனுக்கு அத்தனை நீண்ட தவணை இல்லை.