கார்புரேட்டரின் கைப்பக்குவம்: எப்படி இயங்குகிறது?

நன்றாகச் சமைப்பவர்கள் அளவுக் கரண்டியைத் தேடுவதில்லை. எட்டுப் பேருக்கு உலை வைத்த வீட்டில் பதினைந்து பேர் வந்து இறங்கினாலும், அரிசிக்கேற்ற தண்ணீரும் பருப்புக்கேற்ற புளியும் அவர்கள் கையிலிருந்து சரியாக விழும். இதைத்தான் கைப்பக்குவம் என்கிறோம். அந்தக் கைப்பக்குவத்தை அலுமினியத்திலும் பித்தளையிலும் வார்த்து வைத்தது போன்ற ஒரு கருவி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. அதன் பெயர் எஸ்.யூ. கார்புரேட்டர்.

எம்ஜிபி காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரானது. பழைய காரை வீட்டிலேயே புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு ஏற்ற கார் இது. உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. புத்தம்புதிய உடற்கூட்டையே இங்கிலாந்தின் விட்னி நகரில் இன்றும் செய்து தருகிறார்கள். 1,798 சிசி கொண்ட அதன் எஞ்சின் நமக்கும் தூரத்து உறவு. அதே குடும்பத்தைச் சேர்ந்த 1,489 சிசி எஞ்சின்தான் நம்மூர் அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடியது.

பெரும்பாலான எம்ஜிபிகளின் பானெட்டைத் தூக்கினால், எஞ்சினின் பக்கவாட்டில் சொம்பைக் கவிழ்த்து வைத்தாற்போல இரண்டு உருவங்கள் தெரியும். அவைதான் எஸ்.யூ. கார்புரேட்டர்கள். செருப்பு, ஷூ வணிகம் செய்த குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1905இல் இதற்குக் காப்புரிமை கோரினார். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கமே எஸ்.யூ. தொடக்கக் காலக் கருவிகளில் தோலால் ஆன துருத்திகூட இருந்தது.

அடுப்பின் நீலச் சுடர்

எஞ்சினுக்கு வேண்டியது பெட்ரோல் மட்டுமல்ல; காற்றும் வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று.

இந்த விகிதம் பிசகினால் என்ன ஆகும் என்பது சமையலறையில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கேஸ் அடுப்பில் காற்றுப் போதுமான அளவு கலந்தால் சுடர் நீலமாக எரியும். காற்று குறைந்தால் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி படியும். எஞ்சினிலும் அதே கதைதான். பெட்ரோல் மிகுந்தால் ஸ்பார்க் பிளக்கின் முனையில் கறுப்புக் கரி படியும். காற்று மிகுந்தால் முனை வெளுத்துப்போய், எஞ்சின் சூடேறும். இளம்பழுப்பாக இருந்தால் பக்குவம் சரி.

ஆனால் எஞ்சினின் பசி ஒரே அளவாக இருப்பதில்லை. சிக்னலில் நிற்கும்போது அதற்குக் கொஞ்சம் காற்றுப் போதும். மேடேறும்போது பல மடங்கு வேண்டும். எத்தனை மடங்கானாலும் விகிதம் மட்டும் கெடக் கூடாது. பந்திக்கு எத்தனை பேர் வந்தாலும் சாம்பாரில் உப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதைப் போன்ற சோதனை இது.

குக்கர் வெயிட் செய்யும் வேலை

விடை பிரஷர் குக்கரின் மூடிமேல் இருக்கிறது. உள்ளே நீராவி மிகுந்தால் வெயிட் எழும்பி வழிவிடும், குறைந்தால் உட்காரும். அடுப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. அந்த வேலையைச் செய்வது வெயிட்டின் கனம் மட்டுமே.

கவிழ்த்த சொம்புக்குள்ளும் அப்படி ஒரு வெயிட் உண்டு. அதைப் பிஸ்டன் என்கிறார்கள். காற்று வரும் பாதையின் குறுக்கே அது இறங்கி நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால், எஞ்சினை ஒட்டியிருக்கும் வட்டத் தகடு திறந்து உறிஞ்சும் வேகம் கூடுகிறது. பிஸ்டனின் அடியிலுள்ள துளைகள் வழியே அந்த உறிஞ்சல் சொம்பின் உள்ளே போய்ப் பிஸ்டனை மேலே தூக்குகிறது. காற்றின் வழி அகலமாகிறது. பிஸ்டனின் கனமும் அதன் மேலுள்ள மெல்லிய ஸ்பிரிங்கும் உறிஞ்சலுக்குச் சமமாகும் இடத்தில் அது நின்றுவிடும். குக்கர் அழுத்தத்தை நிலையாக வைப்பது போல, இது உறிஞ்சலை நிலையாக வைக்கிறது. எஞ்சினின் பசிக்கேற்ப வாசலைத் தானே அகட்டிக்கொள்கிறது.

முள்ளங்கியும் ஓட்டையும்

காற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. அதற்கேற்ற பெட்ரோலை அளப்பது யார்?

ஒரு முள்ளங்கியின் மெலிந்த நுனியைக் கீழ்நோக்கி வைத்து, வட்டமான ஓட்டை ஒன்றில் செருகுங்கள். முழுக்க இறக்கினால் ஓட்டை அடைபடும். மேலே தூக்கத் தூக்க, நுனி மெலிந்துகொண்டே போவதால், சுற்றிலும் இடைவெளி பெருகும். பிஸ்டனின் அடியில் பொருத்திய ஊசி அந்த முள்ளங்கிதான். ஓட்டைக்கு ஜெட் என்று பெயர். எம்ஜிபியில் அதன் விட்டம் வெறும் 2.29 மில்லிமீட்டர். பிஸ்டன் உயர்ந்தால் காற்றின் வழி பெருகுகிறது. கூடவே ஊசியும் உயர்ந்து பெட்ரோலின் வழியும் பெருகுகிறது. ஒரே அசைவில் இரண்டு அளவைகள்.

எந்த உயரத்தில் எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு முழுவதும் ஊசி மெலியும் விதத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வகைக் காருக்கும் ஏற்ப ஊசி வேறுபடும்; அடையாள எழுத்தோ எண்ணோ அதில் பொறித்திருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும் பக்குவம் மாறும். அதனால்தான் ஊசியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது.

தொட்டியில் மிதக்கும் பந்து

ஜெட்டுக்குப் பெட்ரோல் ஒரே மட்டத்தில் காத்திருக்க வேண்டும். பக்கத்திலுள்ள சிறு கிண்ணம் அதைக் கவனித்துக்கொள்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து உயர்ந்ததும் குழாய் அடைபடுகிறதே, அதே முறைதான். மிதவை உயர்ந்தால் வால்வு மூடும், தாழ்ந்தால் திறக்கும்.

கவிழ்ந்தால் மட்டும் இந்த முறை தோற்கும். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் எஸ்.யூ. நிறுவனத்தின் கார்புரேட்டர் இருந்தது. மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாயும்போது கிண்ணத்துப் பெட்ரோல் மேல்நோக்கி எழும்பி, எஞ்சின் இருமும். சில சமயம் நின்றேபோகும். ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங், பெட்ரோல் வரும் வழியில் ஓட்டையிட்ட ஒரு சிறிய உலோகத் துண்டைப் பொருத்தி 1941இல் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தார். கருவியின் உள்ளியக்கம் முழுதாகப் புரிந்தவர்களுக்கே இவ்வளவு எளிய தீர்வு தோன்றும்.

முதல் தோசைக்குக் கூடுதல் எண்ணெய்

ஆறிய கல்லில் வார்க்கும் முதல் தோசை ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் கூடுதலாக விடுகிறோம். குளிர்ந்த எஞ்சினிலும் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. சோக் என்ற இழுகுமிழை இழுத்தால் ஜெட் கொஞ்சம் கீழே இறங்கி, ஊசியைச் சுற்றி இடைவெளி கூடி, பெட்ரோல் அதிகம் வருகிறது. எஞ்சின் சூடானதும் சோக்கை உள்ளே தள்ளிவிட வேண்டும். கல் சூடேறிய பிறகும் எண்ணெயைக் கொட்டுவது போலத்தான் சோக்கை மறந்து ஓட்டுவது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு பாத்திரத்தைச் சாய்த்தால் தண்ணீர் உடனே ஓடிவரும். தோசை மாவு பின்தங்கும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது காற்று தண்ணீரைப் போலப் பாய்ந்துவிடும். பெட்ரோல் மாவைப் போலப் பின்தங்கும். அதைச் சமன்செய்யப் பிஸ்டனின் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் நிற்கிறது. அதில் அமிழ்ந்த ஒரு சிறு தடுப்பான், பிஸ்டனை விறுட்டென்று எழும்ப விடாது. அந்த ஒரு நொடியில் உறிஞ்சல் மிகுந்து பெட்ரோல் கூடுதலாக வரும். கார் திணறாமல் பாயும். இந்த எண்ணெய் வற்றியதால் திணறும் காரை எஞ்சின் கோளாறு என்று நினைத்துச் செலவு செய்பவர்கள் உண்டு. மூடியைத் திருகி எண்ணெய் விட்டால் போதும்.

வீட்டில் கை வைக்கும் முன்

முதலில் ஸ்பார்க் பிளக், பொறி பாயும் நேரம் (டைமிங்), வால்வு இடைவெளி மூன்றையும் சரிபாருங்கள். அவை தவறாக இருக்கும்போது கார்புரேட்டரைத் திருகுவது, உலை கொதிக்கும் முன் சோறு வேகவில்லை என்று அரிசியைக் குறைசொல்வதற்குச் சமம்.

பிரிக்கும்போது ஒரு சொம்பின் பிஸ்டனை மற்றொன்றில் போடாதீர்கள். ஒவ்வொன்றும் அதனதன் ஜோடிக்கென்றே பொருத்தப்பட்டது. சுத்தம் செய்து மாட்டியபின் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று விழுந்தால் நல்லது; தயங்கினால் ஊசியோ ஜெட்டோ நடுவில் இல்லை. பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் வழக்கமான பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அது பழைய ரப்பரை அரிக்கும். வேலை நடக்கும் இடத்தில் காற்றோட்டமும் தீயணைப்பானும் இருக்கட்டும். நெருப்பு அண்டவே கூடாது.

கடைசியாக உப்புப் பார்ப்பது. எஞ்சின் சூடாகி ஓடும்போது, கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு தூக்குக்கம்பியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஒரு கணம் லேசாகக் கூடி, பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. கூடியது கூடியபடியே நின்றால் பெட்ரோல் மிகை; எஞ்சின் தடுமாறினால் பெட்ரோல் குறைவு. அதற்கேற்ப ஜெட்டின் அடியிலுள்ள நட்டை ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று மட்டும் திருகி, மறுபடி பாருங்கள். மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும். கீழே இறக்கினால் கூடும்.

பழைய காரைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் பெயிண்டிலும் பளபளக்கும் சக்கரங்களிலும் தொடங்காமல், இந்தக் கருவியில் தொடங்குங்கள். ஒரு மேசையும் சில ஸ்பேனர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். கணினியும் இல்லை, மின்கம்பியும் இல்லை. சமைக்கத் தெரிந்த எவருக்கும் இது புரியும். புரிந்ததைப் பழுதுபார்க்கவும் முடியும்.