ஒரு பிடி எடுத்து வைத்தவர்கள்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஆமத்தூர். சுற்றிலும் கரிசல் காடு, காட்டுக்கு நடுவே பட்டாசு ஆலைகள். வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் அங்கே ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும். கைபேசி வெளியே இருக்க வேண்டும். நைலான் சேலை உடுத்தக் கூடாது, பருத்திதான். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டில் சண்டையோ, இரவெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சலோ, எதுவானாலும் வேலை தெரிந்த பெண் அந்தத் தகட்டைத் தொடாமல் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்.

அதே பெண்ணிடம் சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "எங்கங்க, வண்டி பிடிக்கிற அவசரத்துல மறந்துபோகுது" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

தகடும் அவர் உயிரைக் காக்கத்தான் இருக்கிறது, மாத்திரையும் அதற்குத்தான். ஒன்று மறப்பதில்லை, மற்றது மறந்துபோகிறது. தகட்டைத் தொடாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கும் சேர்த்து ஆபத்து. மாத்திரையோ அவர் ஒருவரின் பாடு. நம் ஊர்களில் உடல்நலப் பழக்கங்கள் அன்று எப்படி நிலைத்தன, இன்று ஏன் நழுவுகின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தகடுதான் நினைவுக்கு வருகிறது.

அன்று கரிசல் காட்டில் யாரும் உடற்பயிற்சி என்ற சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்கள். தண்ணீருக்கு ஊருணிக்கோ கிணற்றுக்கோ நடை. களையெடுக்க, பருத்தி எடுக்க, மிளகாய்ப் பழம் பறிக்கக் காட்டுக்கு நடை. வீட்டுக்கு வந்தால் உரலும் உலக்கையும் திருகையும் காத்திருக்கும். வெயிலுக்குக் கம்மங்கஞ்சி, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமோ மோர் மிளகாயோ. சோளச் சோறும் குதிரைவாலிச் சோறும் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச் சோறு என்றால் தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம். காடு எதை விளைவித்ததோ அதுவே சட்டியில் வெந்தது.

ஆனாலும் அந்தக் காலத்தைத் தங்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. இன்று அது 70. கம்மங்கஞ்சி குடித்தவர்கள் கல்லுப்போல் இருந்தார்கள் என்று சொல்லும்போது, அந்தக் கஞ்சியும் கிடைக்காமல் போனவர்களை நாம் மறந்துவிடுகிறோம். பேறுகாலத்தில் இறந்த பெண்களையும் பேதியில் போன பிள்ளைகளையும் மறந்துவிடுகிறோம்.

அந்த நாளின் ஒரு நோயை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். நரம்புச் சிலந்தி. தமிழகத்தின் வறண்ட ஊர்களில் முதியவர்கள் சிலருக்கு இன்றும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். காலில் கொப்புளம் கிளம்பி, அதிலிருந்து நூல்போல நீளமான புழு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி படிக்கிணற்றில் காலை நனைப்பார். புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து அதே கொப்புளம் வரும். ஒருவர் கால் நனைத்தால் ஊரே படுக்கும். இதற்குத் தடுப்பூசி கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது, புண் உள்ளவர் தண்ணீரில் இறங்காமல் இருப்பது, படிக்கிணறுகளை மாற்றிக் கட்டுவது, நல்ல குடிநீருக்கு வழி செய்வது. இவைதான் முக்கிய வைத்தியம். இந்தியாவில் இந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் சான்றளித்தது. ஒரு நோயைப் பெரும்பாலும் பழக்கத்தால் ஒழித்த தேசம் நம்முடையது. வடிகட்டும் துணியை அன்றாடம் கையில் எடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள்.

அதற்கும் முன்பே விருதுநகரின் வீட்டுப் பெண்கள் இன்னொன்று செய்தார்கள். 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளிக்காக, உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். பிடியரிசி என்று பெயர். வீடு வீடாகச் சேர்ந்த அந்த அரிசி பள்ளிக்கூடத்தைத் தாங்கியது. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் பசி கூடியிருக்காது. ஆனால் வாங்க ஆள் வரும், அடுத்த வீட்டுப் பானையும் திறக்கும். அந்தக் கட்டுதான் பழக்கத்தை நிலைக்க வைத்தது. அந்தப் பள்ளியில் படித்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் அதுவும் ஊரார் கொடுத்த பொருளில்தான் நடந்தது. ஊர் கூடி எடுத்து வைத்த பிடியில் என்ன விளையும் என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே பார்த்தவர் அவர்.

பிள்ளைகள் என்றதும் இந்த வட்டாரத்தின் பழைய விடியற்காலை கண்ணில் நிற்கிறது. 1980-களில் கிராமம் கிராமமாக வண்டிகள் வரும். பொழுது புலராத நேரத்தில் தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். இங்கே ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது என்று பிஞ்சு விரல்கள் நாளெல்லாம் ஓடின. சிவகாசிப் பிள்ளைகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சட்டமும் பள்ளியும் சோறும் பெற்றோரின் உறுதியும் சேர்ந்து அந்த வண்டிகளைக் காலியாக்கின. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டே மாநிலம் முழுக்கப் பரவியது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்குக் கண்விழித்தவரின் பேரப்பிள்ளை இன்று காலையில் பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிடுகிறது. இந்த மண்ணின் அன்றுக்கும் இன்றுக்கும் இடையே இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரியாது.

இன்று விடியற்காலையில் வரும் வண்டிகள் பெரியவர்களுக்கானவை. ஆலைக்குள் வேலை பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில். கூலி உருப்படிக் கணக்கு. எழுந்து நடந்தால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழ வேண்டுமே என்று அதையும் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. கம்பு விளைந்த கரிசலில் இன்று பல இடங்களில் கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் நிற்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைத் துரத்திய அரிசி அது. அதற்கு நாம் நன்றியோடிருக்க வேண்டும். அந்தச் சோறே மூன்று வேளையும் ஆனதும், நடை நின்றுபோனதும், ராத்திரிக்கு எண்ணெய்ப் பரோட்டாப் பொட்டலம் வழக்கமானதும் சேர்ந்துதான் வேறொரு கணக்கைத் தொடங்கிவிட்டன. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

இந்தக் கணக்கை எதிர்கொள்ள அரசு வாசலுக்கே வந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தன்னார்வலரான பெண் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பாதை அறிவித்தார்கள். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. அன்று கேட்டாலும் கிடைக்காதது இன்று கதவைத் தட்டுகிறது.

இருந்தும் மாத்திரை மறந்துபோகிறதே, ஏன்? உறுதி இல்லாதவர்களா இவர்கள்? விடிவதற்குள் எழுந்து, சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, வண்டி பிடித்து, நாள் முழுக்க வெடிமருந்துக்கு நடுவில் கவனம் சிதறாமல் உட்காருகிறவருக்கு உறுதி இல்லை என்று சொல்ல யாருக்கும் தகுதி கிடையாது. அந்த உறுதியைத் தனக்காகச் செலவழிக்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவே. வடிகட்டும் துணியும் பிடியரிசியும் செம்புத் தகடும் அடுத்தவரோடு கட்டப்பட்டவை. சர்க்கரை மாத்திரையும் மாலை நடையும் தனியாகத் தொங்குகின்றன.

அவற்றையும் கட்ட முடியும். அதற்குப் பணம் வேண்டாம், திட்டம் வேண்டாம். அன்றாடம் ஒரே வண்டியில் ஏறி ஒரே இருக்கையில் உட்காரும் பெண்கள் இருக்கிறார்கள். "மாத்திரை போட்டியா மதினி?" என்று ஒருவர் கேட்டால் போதும், மறுநாள் மற்றவர் கேட்பார். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமான நடைபோல மிதமாக உடலை உழைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வண்டி கொண்டுவிடும் இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே நான்கு பேராக இறங்கி வீட்டுக்கு நடந்தால், அந்தக் கணக்கு மெல்ல நேராகிவிடும். ஒருத்தி வராத அன்று மற்ற மூவரும் ஏன் வரவில்லை என்று விசாரிப்பார்கள். வாரம் ஒரு நாள் ஒரு வீட்டில் கம்மங்கஞ்சி காய்ச்சி நான்கு தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போகலாம். சுயஉதவிக் குழுக்களில் சிறுவாடு சேர்த்துக் கடனடைத்த கைகளுக்கு இது புதிதே இல்லை.

நம் பாட்டிமார் உலை வைக்கும்போது எடுத்தது ஒரே ஒரு பிடிதான். பானை நிறைந்தது, அடுத்த வீட்டுப் பிடியும் அதில் விழுந்ததால். நாளைக் காலை ஆமத்தூரில் வண்டி நிற்கும்போது, பக்கத்து இருக்கைக்காரியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதே இந்தக் காலத்துப் பிடியரிசி. அறையில் இருக்கும் மூன்று பேருக்காகத் தகட்டைத் தொடும் அந்தக் கை, அந்த மூன்று பேர் கேட்டால் மாத்திரையையும் எடுத்துப் போடும்.